ஒன்பது நாளுக்கு ஒரு வருஷம்

பரணை மரத்தோடு பிணைத்திருக்கும் வாரை வருஷத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். ஓக் மரம் நம் கண்ணுக்குத் தெரியாமல் பருத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டால் வார் மரத்துக்குள் புதைந்துவிடும். இல்லையென்றால் இழுவை தாங்காமல் இற்றுப்போய், நாம் ஏறுகிற நாளில் அறுந்துவிடும். இந்த வேலையை நாங்கள் ஜூலையில் செய்வோம். கொசு மொய்க்கும், காஞ்சொறி முழங்கால் உயரத்துக்கு நிற்கும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வேட்டைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். “நவம்பர் இருட்டில் ஏறப்போகிறவன் ஜூலை வெளிச்சத்தில் ஒருமுறை ஏறிப் பார்த்திருக்கணும்” என்பார் மாமா. ஏணியின் அடிப்படியை பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டு, நான் இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார்.

விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஒன்பதே நாள். நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. அதற்கு முந்தின சனிக்கிழமை விடியலில் தொடங்கி, பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு பொழுது சாயும்போது முடிந்துவிடும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு உரிமம் வாங்குகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் சொந்த நிலத்துக்குத் திரும்பி வருவார்கள். எங்கள் பக்கத்தில் தைப்பொங்கலுக்கு ஊர் திரும்புகிற மாதிரிதான்.

என் மனைவியின் குடும்ப நிலம் அயோவா கவுண்டியில், டாட்ஜ்வில் ஊருக்கு அருகில் இருக்கிறது, 140 ஏக்கர். பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளங்கள் சுற்றியிருந்த மாநிலங்களை எல்லாம் இழைத்துச் சமமாக்கிவிட்டன. தென்மேற்கு விஸ்கான்சின் மட்டும் அவற்றுக்குச் சிக்கவில்லை. அதனால் இங்கே நிலம் முகடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. முகட்டின் மேலே மக்காச்சோளமும் குதிரைமசாலும், சரிவில் ஓக் காடு, அடியில் ஓடை. மான் பகலில் சரிவில் படுத்து, அந்தியில் மேலேறி மேய்ந்து, விடியலில் திரும்ப இறங்கும். கேட்பதற்கு இவ்வளவுதான் என்று தோன்றும். எந்தச் சரிவு, எந்த மடிப்பு, எந்தக் காற்றுக்கு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நான் சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரன். கொள்ளுகுடிப்பட்டியும் வேட்டங்குடியும் எங்களுக்கு அக்கம்பக்கம். கண்மாயில் குஞ்சு பொரிக்க வரும் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அவை. அதே சீமையில் என் தாத்தா மாசிச் சிவராத்திரியை ஒட்டிப் பாரி வேட்டைக்கு வேல்கம்பு தூக்கிப் போனவர். எத்தனை பேர் போனார்களோ அத்தனை பங்கு. முயல் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அப்படித்தான் என்பார். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நான் பிறந்தது அதற்கு அப்புறம். வேட்டை என்பது எனக்குத் தாத்தாவின் வாயிலிருந்து கேட்ட கதை மட்டுமே.

இங்கே மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். எனக்கு நாக்கு எழவில்லை. ‘மாமா’ என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் மாமாதான். கல்யாணமான அடுத்த கோடையில், 2004-இல், “நவம்பரில் எங்களோடு வருகிறாயா?” என்று கேட்டார். வருகிறேன் என்றதும் துப்பாக்கியை எடுத்துக் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் வகுப்பில் சேர்த்துவிட்டார். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறினால்தான் இந்த மாநிலத்தில் உரிமம் கிடைக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான்கு விதிகளை மனப்பாடம் செய்தேன். எந்தத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டது என்றே நினை. குழல்வாய் எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்கட்டும். குறி எது, குறிக்குப் பின்னால் இருப்பது எது என்று உறுதியாகத் தெரிந்துகொள். சுடும் கணம் வரும்வரை விரல் விசைக்கூட்டுக்கு வெளியில் இருக்கட்டும். இன்று அதே வகுப்பில் தன்னார்வப் பயிற்றுநராக நான் நிற்கிறேன். மூன்றாவது விதியைச் சொல்லும்போது பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் முகட்டுக்கோட்டைக் காட்டுவேன். முகட்டின் மேல் வானத்தை முதுகில் வைத்து நிற்கும் மானைச் சுடவே கூடாது. அதற்குப் பின்னால் யாருடைய வீடு இருக்கிறது என்று குண்டுக்குத் தெரியாது.

எங்கள் வருஷம் மார்ச்சில் பிறக்கும். பனி உருகத் தொடங்கும் நாட்களில் மாமா தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு க்ளோவர் விதையை உறைந்த தரைமேல் வீசிக்கொண்டே போவார். உழ வேண்டாம், மூட வேண்டாம். இரவில் மண் உறைந்து விரிசல் விடும், பகலில் இளகி மூடிக்கொள்ளும்; விதை தானாக உள்ளே இறங்கிவிடும். கையால் வீசி விதைப்பதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர்ப் புழுதி விதைப்பு ஞாபகம் வந்தது. அவருக்கு நான் கைவீச்சைக் காட்டினேன். எங்கள் வீச்சு அகலம் என்று ஒத்துக்கொண்டார். அதே நடையில் உதிர்ந்த கொம்புகளும் கிடைக்கும். வெள்ளைவால் மானின் கொம்பு குளிர்காலத்தில் விழுந்து, வசந்தத்தில் புதிதாக முளைக்கும். போன பருவத்துக்குத் தப்பிப் பிழைத்த ஆண் மான் எது, எந்தச் சரிவில் குளிர்காலத்தைக் கழித்தது என்பதற்கு அந்தக் கொம்புதான் சாட்சி.

மே கடைசியிலும் ஜூனிலும் குட்டி போடும் காலம். பிறந்த குட்டி ஓடாது. புல்லுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஓநாயிடமிருந்து அதைக் காப்பாற்றிய குணம், புல் அறுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் அதைக் கொன்றுவிடும். குதிரைமசால் அறுப்புக்கு முன்னால் விடியற்காலை நாங்கள் நாலைந்து பேர் வரிசையாக வயலுக்குள் நடப்போம். குட்டி கிடைத்தால் கை நிறையப் புல்லைப் பறித்து, அந்தப் புல்லோடு சேர்த்தே தூக்கி வேலியோரம் வைப்போம். தாய் வந்து கூட்டிக்கொண்டு போகும். ஜூனில் இப்படித் தூக்கி வைத்தவனே நவம்பரில் சுடுகிறான் என்று என் தங்கை போனில் வருத்தப்பட்டாள். அவள் வருத்தம் நியாயமானது. நானும் அதை நினைக்காமல் ஒரு பருவத்தையும் கடந்ததில்லை.

அவளுக்கு நான் சொல்லக்கூடிய பதில் காட்டுக்குள் ஒரு வேலியில் இருக்கிறது. சரிவின் நடுவில் மாமா பத்தடிக்குப் பத்தடி சதுரமாக உயரக் கம்பி வலை அடித்து வைத்திருக்கிறார். உள்ளே மான் போக முடியாது. அதற்குள் ஓக் கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. வசந்தத்தில் ட்ரில்லியம் பூ வெள்ளையாக விரிந்திருக்கும். வலைக்கு வெளியே, அதே மண், அதே நிழல், ஒரு ஓக் கன்றுகூடக் கணுக்காலைத் தாண்டியதில்லை. முளைத்ததை எல்லாம் மான் கடித்துவிடுகிறது. தலைக்கு மேலே நிற்கும் ஓக் மரங்கள் நூறு வருஷத்துக்கு மேற்பட்டவை. அவை விழுந்தால் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வாரிசு இல்லை. இந்தப் பக்கம் ஓநாய் போய் வெகு காலம் ஆகிவிட்டது. இந்த வருஷம் எத்தனை பெண் மான் எடுக்க வேண்டும் என்பதை செப்டம்பரில் அந்த வலைக்கு வெளியே குனிந்து கன்றுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். உரிமம் எத்தனை தந்தாலும் எங்கள் கணக்கு அதுதான்.

பெண் மானைச் சுடுவதா கூடாதா என்பது இந்த மாநிலத்தில் பழைய சண்டை. காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் 1943-இல் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரானார். வடக்குக் காடுகளில் மான் பெருத்து, தின்ன ஏதுமின்றிக் குளிர்காலத்தில் பட்டினி கிடந்து சாகிறது, கொம்பில்லாத மான்களையும் எடுத்தாக வேண்டும் என்று வாதாடினார். அந்த வருஷப் பருவத்துக்கு எதிராளிகள் ‘43-இன் குற்றம்’ என்றே பெயர் வைத்தார்கள். அவர் 1935-இல் வாங்கிய தேய்ந்துபோன பண்ணையும், கோழிக்கொட்டகையைத் திருத்திக் கட்டிய குடிசையும் சாக் கவுண்டியில், பாராபூவுக்கு அருகில் இருக்கின்றன. எங்களிடமிருந்து காரில் போய்வரும் தூரம்தான். அவரும் அவர் பிள்ளைகளும் அங்கே நட்ட பைன் மரங்கள் இன்று காடாக நிற்கின்றன. மாமா என்னை முதல் வருஷமே அங்கே கூட்டிக்கொண்டு போனார். துப்பாக்கிக் கடைக்கு அதற்கு அப்புறம்தான் போனோம்.

ஆகஸ்டில் டர்னிப்பும் குளிர்கால ரையும் விதைப்பது, செப்டம்பரில் பரணுக்கு முன்னால் பார்வைக்கு வழிவிட்டுக் கிளை கழிப்பது, அக்டோபரில் ரைஃபிளின் குறியைச் சரிபார்ப்பது இவையெல்லாம் வேகமாக நடந்துவிடும். குறி பார்ப்பதில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நூறு கஜத்தில் அட்டையை வைத்து, மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து மூன்று தோட்டா. ஸ்கோப்பின் திருகில் ஒரு சொடுக்கு குண்டைக் கால் அங்குலம் நகர்த்தும். குழல் சூடானால் குறி நகரும், ஆகவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் நடுவில் காத்திருக்க வேண்டும். வேட்டையில் சுடுவது குளிர்ந்த குழலின் முதல் தோட்டாவைத்தான். அதனால் மாமா அட்டையில் முதல் துளையை மட்டும் வட்டமிட்டுத் தேதி எழுதி வைத்துக்கொள்வார். அவருடையது அவர் அப்பாவின் சாவேஜ் 99, நெம்பு இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய ரைஃபிள். நான் சில வருஷங்களாக ஈயத்தை விட்டுச் செப்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டேன். ஈயக் குண்டு உள்ளே போய்ச் சிதறும். அந்தத் துகள் நாம் காட்டில் விட்டுவரும் குடலில் தங்கி, அதைத் தின்னும் வெண்தலைக் கழுகுக்கு விஷமாகும். குளிர்காலத்தில் விஸ்கான்சின் ஆற்றங்கரைக் கழுகுகள் எங்கள் முகட்டுக்கு மேலேயும் வட்டமிடும். கழுகின் பங்கில் நஞ்சு கலந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இந்த வேலையில் கற்றதில் பாதி காற்றைப் பற்றியது. மானின் கண்ணை ஏமாற்றலாம். 1980-இல் இங்கே பளீர் ஆரஞ்சு உடை கட்டாயமாயிற்று. இடுப்புக்கு மேலே தெரிவதில் பாதியாவது அந்த நிறமாகவோ, 2016 முதல் பளீர் இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும். மனிதக் கண்ணுக்கு ஆரஞ்சு அரை மைலில் தெரியும். மானுக்கோ ஆரஞ்சும் இலைப் பச்சையும் பிரிந்து தெரிவதில்லை. அசையாமல் இருந்தால் போதும். மூக்கை ஏமாற்ற வழியே இல்லை. எந்தச் சோப்புப் போட்டுக் குளித்தாலும் மனித வாடை மனித வாடைதான். அது எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்து உட்காருவது ஒன்றே வழி.

முகடும் பள்ளமுமான நிலத்தில் வானிலை அறிக்கை சொல்லும் காற்று ஒன்று. சரிவில் நகரும் காற்று இன்னொன்று. விடியுமுன் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர்போலச் சரிவில் வழிந்து ஓடைக்கு இறங்கும். வெயில் பட்டுச் சரிவு சூடேறியதும் அதே காற்று மேலே ஏறத் தொடங்கும். அந்தியில் திரும்ப இறங்கும். அதனால் காலையில் உயரத்தில் உட்கார், மாலையில் தாழ்வில் உட்கார் என்பது பொது விதி. ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் அந்த விதி ஓர் இடத்தில் உடையும். எங்களுக்கு ஆறு பரண்கள். சமையலறை மேசை இழுப்பறையில் மாமா கையால் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பரணுக்கும் எந்தக் காற்றில் போகலாம் என்று அம்புக்குறி போட்டிருக்கும். வடமேற்குக் காற்றுக்கு நான்கு பரண். தெற்குக் காற்றுக்கு இரண்டே இரண்டு. கிழக்குக் காற்றுக்கு எதுவும் இல்லை. அன்று வீட்டில் விறகு பிளப்போம். உனக்குப் பிடித்த பரணுக்குக் காற்று ஒத்துவரவில்லை என்றால் முதல் நாளாகவே இருந்தாலும் அங்கே போகாதே. தவறான காற்றில் ஒரு காலை உட்கார்ந்தால் அந்தப் பரணை மான் ஒன்பது நாளும் நினைவில் வைத்திருக்கும்.

இந்தக் காற்றைப் பார்ப்பதற்கு எங்களிடம் உள்ள கருவி ஒரு காய். பால்கொடி என்று நான் பேர் வைத்திருக்கும் மில்க்வீட் செடி மேய்ச்சல் ஓரத்தில் நிற்கும். கிள்ளினால் பால் வரும், காய் வெடித்தால் பட்டுப்பஞ்சு பறக்கும். முதல் தடவை பார்த்தபோதே கைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது: எருக்கு! பிறகு படித்துப் பார்த்தேன், ஒரே குடும்பம்தான். அக்டோபரில் வெடிக்கும் தறுவாயில் இருக்கும் காயைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். பரணில் இருந்து ஒரு பஞ்சை விட்டால் அது கீழே இறங்கும், நின்று யோசிக்கும், ஓக் மரத்தைச் சுற்றித் திரும்பும், நாற்பது கஜம் தாண்டி ஓடைக்குள் மறையும். நம் வாடை போகும் வழி கண்ணுக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் எருக்கம்பஞ்சை ஊதிவிட்டுப் பின்னால் ஓடிய காற்று இவ்வளவு சொல்லும் என்று அன்று தெரியாது. மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கும் அந்த இலைதான் சோறு என்பதால், மாமா அந்த ஓரத்தை மட்டும் அறுக்கவிடமாட்டார்.

தொடக்க நாளுக்கு முந்தின நாள் எப்போதும் வெள்ளிக்கிழமை. விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெயில் பொரித்த மீன். ஊர்க் கடையில் ஆரஞ்சுத் தொப்பிகளுக்கு நடுவில் சாப்பிட்டுவிட்டு வந்தால், இரண்டு மைத்துனர்களும் மாமாவும் ஷீப்ஸ்ஹெட் சீட்டு ஆடுவார்கள். அத்தை பேஸ்டி சுட்டு அடுக்கிக்கொண்டிருப்பார். 1830-களில் மினரல் பாயிண்டுக்கு ஈயம் தோண்ட வந்த கார்ன்வால் சுரங்கக்காரர்களின் பண்டம் அது. மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, சுரங்கத்துக்குள் எடுத்துப் போனார்கள். இன்று பரணில் நாங்கள் சாப்பிடுகிறோம். என் பங்குக்கு மட்டும் அத்தை மிளகும் சீரகமும் கூடுதலாக இடித்துப் போடுவார்; இப்போது மைத்துனர்களும் அதையே கேட்கிறார்கள்.

சனிக்கிழமை நான்கரைக்கு எழுந்து ஐந்தரைக்குள் பரணில் இருப்போம். முதலில் உடம்பில் சேணம், அதைக் கயிற்றோடு பூட்டிய பிறகுதான் தரையை விட்டுக் கால் எழும்பும். நிரப்பாத துப்பாக்கியைக் கீழே கயிற்றில் கட்டி வைத்து, மேலே போய் உட்கார்ந்ததும் இழுத்துக்கொள்வோம். வேட்டையில் எலும்பு முறிந்தவர்களில் நிறையப் பேர் மரத்திலிருந்து விழுந்தவர்கள். சூரியன் எழுவதற்கு அரை மணி முன்னாலிருந்து சுடலாம். நவம்பர் 20 வாக்கில் சூரியன் ஏழு மணியை ஒட்டி எழும். அதற்கு முந்தின ஒரு மணி நேர இருட்டுக்காகவே நான் வருஷம் முழுக்க உழைப்பேன் என்று சொன்னால் மிகையில்லை. முதலில் ஆந்தை அடங்கும். பிறகு அணில் சருகைக் கிளறும். ஒவ்வொரு அணிலும் மான்போலக் கேட்கும். மரங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வரும். எங்கோ இரண்டு மூன்று மைலுக்கு அப்பால் முதல் வெடி கேட்கும். அதன் பிறகு நம் சரிவில் அணிலுக்கில்லாத ஒரு தாளம், நான்கு அடி, நிறுத்தம், இரண்டு அடி, நிறுத்தம்.

2006-இல் என் மூன்றாவது பருவம். முதல் நாள் மாலை நாலேகால் மணிக்கு ஒரு பெண் மான் ஓடையோரம் வந்தது. நூற்றியிருபது கஜம். தோளுக்குப் பின்னால் ஒரு சாண் இடத்துக்குள் குண்டு போக வேண்டும்; இதயமும் நுரையீரலும் அங்கே. மான் ஓரடி எடுத்து வைத்த நேரத்தில் நான் விசையை இழுத்தேன். அது துள்ளவில்லை. முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, நடந்தே புதருக்குள் போயிற்று. மாமா வந்தார். மான் நின்ற இடத்தில் முழங்காலிட்டு டார்ச் அடித்தார். நுரையீரல் ரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருக்கும். ஈரல் ரத்தம் கருஞ்சிவப்பு. அங்கே இருந்தது பச்சையும் பழுப்புமான ஈரம். விரலால் தொட்டு முகர்ந்து என்னிடம் நீட்டினார். இரைப்பை.

“இப்போ பின்னால் போகக்கூடாது. காலையில் பார்ப்போம்.”

“மாமா, அது வலியில் கிடக்கும்.”

“கிடக்கும். துரத்தினால் எழுந்து ஓடும். மூன்று மைல் ஓடிக் கண்ணுக்கே தெரியாத இடத்தில் சாகும். விட்டால் பக்கத்தில் படுக்கும்.”

அந்த இரவு நான் தூங்கவில்லை. வெளியே உறைநிலைக்குக் கீழே போயிருந்தது. இறைச்சி கெடாது என்று மாமா சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. விடிந்ததும் ரத்தப் பொட்டு கண்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு காகிதத் துண்டைக் கிளையில் செருகிக்கொண்டே போனோம். பொட்டு நின்றுவிட்டால் கடைசிக் காகிதத்தில் ஒருவர் நின்றுகொண்டு, மற்றவர் வளையம் வளையமாகத் தேட வேண்டும். இருநூறு கஜத்தில், எங்கள் வேலிக்கு இப்பால், படுத்த வாக்கிலேயே செத்திருந்தது. கொயோட் ஒன்று பின்தொடையில் ஒன்றைத் தின்றுவிட்டிருந்தது. மாமா என்னைத் திட்டவில்லை. கத்தியைத் திருப்பிப் பிடியை என்னிடம் நீட்டினார். “மிச்சம் இருப்பது ஒன்றும் வீணாகக் கூடாது. இந்த வருஷம் உன் மான் இதுதான்.” அந்தப் பருவம் முழுவதும் நான் மறுபடி துப்பாக்கி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடக்கிற மானை நான் சுட்டதில்லை. நாக்கால் சின்னச் சத்தம் எழுப்பினால் நின்று பார்க்கும். நிற்கவில்லை என்றால் போகட்டும்.

மானைத் திறப்பதற்கு எனக்குக் கை ஓரளவு பழகியிருந்தது. ஊரில் கிடா வெட்டும்போது அப்பாவுக்குக் காலைப் பிடித்துக் கொடுத்தவன் நான். ஈரலை எடுத்ததும் முதலில் பித்தப்பையை நோகாமல் கிள்ளி எறிய வேண்டும், உடைந்தால் கறி கசந்துவிடும் என்பது எங்கள் வீட்டுப் பாடம். முதல் மானின் ஈரலைத் திருப்பித் திருப்பித் தேடினேன். காணவில்லை. வெள்ளைவால் மானுக்குப் பித்தப்பையே கிடையாது. போனில் சொன்னதும் அப்பா வெகுநேரம் நம்பவில்லை. மானின் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்புப்போல இல்லை. மெழுகாக அண்ணத்தில் ஒட்டும். அதையும் சதைமேல் படர்ந்த வெள்ளிச் சவ்வையும் சுத்தமாக எடுத்துவிட்டால் மான் கறியில் கவிச்சி இருக்காது. முதுகுச் சதையை அத்தை வெண்ணெயில் வாட்டுவார். முன்தொடை எனக்கு, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுச் சுக்காவாகச் சுண்ட வைப்பேன். பின்தொடையில் ஒரு பங்கு மஞ்சளும் உப்பும் மிளகாயும் பிசறி உப்புக்கண்டம் ஆகும். நவம்பர் விஸ்கான்சினில் அதைக் காயவைக்க வெயில் ஏது? மின் உலர்த்தியில் தட்டுத்தட்டாக அடுக்குகிறோம்.

முன்பெல்லாம் மானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பதிவு நிலையத்துக்குப் போவோம். பெட்ரோல் பங்கிலோ மதுக்கடையிலோ இருக்கும். ஊரே அங்கே நின்று ஒவ்வொரு வண்டியின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்க்கும். 2015-இலிருந்து போனிலோ இணையத்திலோ பதிந்தால் போதும், மானை மீட்டெடுத்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குள். வசதிதான். ஆனால் பக்கத்து முகட்டுக்காரரை வருஷத்தில் ஒருமுறை பார்த்துப் பேசும் இடம் போய்விட்டது, எனக்கு அது பெரிய இழப்பு.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று 2002 பிப்ரவரியில் வந்தது. எங்களுக்குக் கிழக்கே, மவுண்ட் ஹோரெப் ஊருக்கு அருகில் முந்தின நவம்பரில் சுட்ட மூன்று மான்களுக்கு நாட்பட்ட நலிவு நோய் இருந்தது தெரிந்தது. மிசிசிப்பிக்குக் கிழக்கே காட்டு மானில் அதுவே முதல் முறை. ப்ரையான் என்ற திரிந்த புரதத்தால் வருவது, மூளையைச் சல்லடையாக்கும், மருந்து இல்லை, கொதிக்க வைத்தாலும் அழியாது, மண்ணில் வருஷக்கணக்கில் தங்கும். அந்தப் பகுதி மான்களை ஏறக்குறைய முழுவதுமாகக் குறைத்துவிட முதலில் முயன்று பார்த்தார்கள், நோய் நிற்கவில்லை. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான பதிவு எதுவும் இல்லை. ஆனாலும் நோய் கண்ட மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அறிவுரை. மானுக்குத் தீனி கொட்டி வைப்பதும் இங்கே தடை; ஒரே குவியலில் பல வாய்கள் சேரக்கூடாது.

ஆகவே வளர்ந்த ஒவ்வொரு மானின் தலையையும் சோதனைப் பெட்டியில் போடுகிறோம். தொண்டையின் நிணநீர்க் கணுவைப் பரிசோதிப்பார்கள். பதில் வரும்வரை ஒரு மானின் கறி இன்னொன்றோடு கலக்கக்கூடாது, ஒவ்வொரு பொட்டலத்திலும் எண் எழுத வேண்டும். ஒரு வருஷம் மூத்த மைத்துனர் எட்டுக் கிளைக் கொம்போடு ஓர் ஆண் மானை எடுத்தார். கழுத்து பருத்து, தோல் மினுமினுத்து, ஒரு குறையும் சொல்ல முடியாத மிருகம். இரண்டு வாரம் கழித்து நோய் உறுதி என்று செய்தி வந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் உறைபெட்டியிலிருந்து பொட்டலங்களை எண்ணி எடுத்து வைத்தார், முப்பத்தொன்று. குப்பைக் கிடங்கில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியில் யாரும் ரேடியோ போடவில்லை. மாமா தன் நோட்டுப் புத்தகத்தில் அன்று எழுதியது நோயைப் பற்றி அல்ல. அந்த மான் எந்தச் சரிவிலிருந்து, எந்தக் காற்றில் வந்தது என்று எழுதினார். 1968-இலிருந்து ஒவ்வொரு பருவத்தின் ஒவ்வொரு நாளும் அந்த நோட்டுகளில் இருக்கிறது.

அவருக்கு இப்போது 81 வயது. இரண்டு வருஷமாக ஏணி ஏறுவதில்லை. ஓடையோரத் தாழ்வில் பலகையால் ஒரு சின்னக் குடில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்; உள்ளே நாற்காலியும் காப்பிக் குடுவையும். ஜூலையில் ஏணியை மிதிக்க மட்டும் இன்னும் வருகிறார்.

போன நவம்பரில் என் மகள் முதன்முறையாகத் துப்பாக்கியோடு வந்தாள். வகுப்பில் தேறியவள். கடைசி ஞாயிறு மாலை, இரண்டாம் பரணில் நாங்கள் இருவரும் தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். வடமேற்குக் காற்று, சன்னமாக. நான்கு மணிக்கு ஒரு பெண் மான் மேலிருந்து இறங்கியது. பின்னால் அந்த வருஷத்துக் குட்டி, புள்ளி மறைந்து நன்றாக வளர்ந்திருந்தது. அறுபது கஜம். மான் ஒரு மரத்துக்குப் பின்னால் தோளை வைத்து நின்றது. மகளின் விரல் விசைக்கூட்டுக்கு வெளியிலேயே இருந்தது. அவள் மூச்சு ஆவியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, காற்று திரும்புது” என்று உதட்டை மட்டும் அசைத்தாள். இடது கையை மெல்ல நீட்டி ஒரு பஞ்சை விட்டாள். அது முன்னால் போக வேண்டிய திசையில் போகவில்லை. குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது. பஞ்சு எங்கள் காலடியைத் தாண்டிச் சரிவில் சறுக்கி நேராக மான் நின்ற இடத்துக்குப் போயிற்று. மான் தலையை உயர்த்தியது. மூக்கால் ஒரு சீறல். வெள்ளை வால் இரண்டும் கொடியாக எழும்பி, நான்கு தாவலில் மரங்களுக்குள் போய்விட்டன.

வெளிச்சம் முடிந்ததும் அவள் தோட்டாக்களை எடுத்தாள், அறையைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள், என்னையும் பார்க்கச் சொன்னாள், கயிற்றில் கட்டி இறக்கினாள். ஓடையோரக் குடிலில் மாமா காப்பிக் குடுவையை மூடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நோட்டுப் புத்தகத்தை முழங்கால்மேல் விரித்தார்.

“எத்தனை மணிக்குத் திரும்பிச்சு?” என்று அவளிடம் கேட்டார்.

“நாலு பத்து” என்றாள். அவர் பென்சிலை அவளிடம் நீட்டினார்.